மூன்று விரல் கையுறை

ஓரெஸ்ட் பாப்ரிக்கின் இடது கையில்
சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.
காந்தஹாருக்கு வெளியே ஒரு மண்பாதையில் போனவை.
சஸ்கட்டூன் பத்திரிகையில் நாலு வரி வந்தது.
அதற்குமேல் யாரும் கேட்டதில்லை,
அவரும் சொன்னதில்லை.

கடையில் வாங்கிய கையுறையின்
காலி விரல்கள் இரண்டும்
பனி தள்ளும் வண்டியின் நெம்புகோலில் சிக்கிக்கொள்ளும்.
மடக்கி ரப்பர் வளையம் போட்டிருப்பார்,
தபால் ஆபீசில் கடிதக்கட்டுக்குப் போடுவார்களே
அந்த நீல வளையம்.
பள்ளிச் சமையலறை ஜன்னலிலிருந்து
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே
அந்த நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் மென்னோனைட் வீட்டுப் பெண்.
துப்பாக்கியைத் தொடமாட்டோம் என்று
மூன்று நாடு மாறியவர்கள் என் முன்னோர்.
நவம்பர் பதினொன்றில்
ஊரே நெஞ்சில் பாப்பி மலர் குத்திக்கொள்ள
அப்பா வெறுஞ்சட்டையோடு பால் கறக்கப் போவார்.
'உங்கள் சேவைக்கு நன்றி' என்பதற்கு
என் நாக்கு ஒருநாளும் வளைந்ததில்லை.
சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.
அவர் தலையைக் குனிந்து பூட்ஸைப் பார்ப்பார்,
வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப்
பிரித்துவிட்டவர்போல.

ஆனால் போன ஜனவரி.
மைனஸ் நாற்பத்தொன்று.
என் மகன் மூச்சுக்குத் தவித்த இரவில்
ஆம்புலன்சுக்கு முன்னால்
இருபத்தாறு கிலோமீட்டர்
பாதை வெட்டிக்கொண்டே போனது
அவருடைய மஞ்சள் விளக்கு.

அதற்கு நன்றி சொல்லலாம் அல்லவா.
அதற்கு மட்டும், என்று எனக்கே கறாராகச் சொல்லிக்கொண்டு
சாம்பல் நிறத்தில் கம்பளி நூல் வாங்கினேன்.

அளவு?
கூட்டுறவு அங்காடியில் அவர்
ஒவ்வொரு முட்டையாக உருட்டி விரிசல் பார்க்கையில்
வெண்ணெய் எடுக்கும் சாக்கில்
என் கையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.
என்னுடையதைவிட ஒரு கட்டை அகலம்.
திருடிய பொருளைப்போல அந்த அகலத்தை
வீடுவரை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெருவிரல் பின்னினேன். சுட்டுவிரல். நடுவிரல்.
பிறகு ஊசிகள் நின்றன.

இல்லாததை இல்லாதபடியே பின்னிக் கொடுப்பது
மரியாதையா, குத்திக்காட்டலா?
பிரித்தேன்.
ஐந்து விரலும் போட்டுப் பார்த்தேன்,
முகத்துக்கு நேரே பொய் சொன்ன மாதிரி இருந்தது.
மறுபடி பிரித்தேன்.
நூல் இதற்குள் சுருண்டு சுருண்டு
தூக்கம் கெட்டவன் தலைமுடியாகியிருந்தது.
கடைசியில் அந்த ஓரத்தை,
பச்சைக் குழந்தையின் தொப்பி உச்சியை மூடுவதுபோல,
முடிச்சு உறுத்தாமல் இழுத்து மூடினேன்.

வண்டி இருக்கையில் வைத்துவிட்டு
ஓடிவந்துவிடலாம் என்றிருந்தேன்.
உள்ளேயே உட்கார்ந்து
முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

போட்டுப் பார்த்தார்.
மூடினார், விரித்தார்.
நெம்புகோலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார்.
எதுவும் சிக்கவில்லை.
பழைய கையுறையிலிருந்து நீல வளையத்தை உருவி
என் உள்ளங்கையில் வைத்தார்,
பாக்கிச் சில்லறை தருபவர்போல.
'பையன் எப்படி இருக்கிறான்?' என்றார்.
ஸ்கேட்டிங் போகிறான் என்றேன்.
அவ்வளவுதான் பேசினோம்.

மூன்றாம் வாரம் சமையலறைக் கதவிடுக்கில்
ஒரு கடித உறை. உள்ளே மின்கட்டண பில்,
அதன் முதுகில் பென்சிலால் வரைந்த ஒரு வலது கை.
அவருடையது அல்ல.
பெருவிரல் இருக்கவேண்டிய இடத்தில்
கோடு தயங்காமல் நேரே இறங்கியிருந்தது.
கீழே அவர் கையெழுத்து:
'லூசியன். மாங்க்டனில் இருக்கிறான்.
பச்சை பிடிக்கும். பணம் தருவான்.'
அதற்கும் கீழே, அழித்து அழித்து எழுதியது:
'இன்னொருவன் இருக்கிறான்,
அவனுக்குக் கையுறை வேண்டாம்.
தொப்பி போதும். காது மூடுகிற மாதிரி.'

அன்று ஞாயிறு, அப்பா சூப் குடிக்க வந்திருந்தார்.
மேசைமேல் கிடந்த கையைப் பார்த்தார்.
திருப்பி, பில் தொகையைப் பார்த்தார்.
மறுபடி கையை.
யாருடையது என்று கேட்கவில்லை.
நான் பச்சைச் சிட்டத்தைப் பிரித்தபோது
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு
நூலை மாட்டிக்கொள்ள
இரண்டு கைகளையும் நீட்டினார்.
'இவ்வளவு பச்சையா?' என்று மட்டும் கேட்டார்.